முதற்படி எது?

நாகபுரியில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதத்தில் ஒரு குடும்பத்தின் கவலை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவருடைய மகன் 19 வயதுக் கல்லூரி மாணவன். சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே நிற்கும் பந்தய வண்டிகளை ஓட்டவேண்டும் என்பது அவன் வேட்கை. நேராக ஃபார்முலா 4 பிரிவில் சேர்வதற்கு, தங்கையின் திருமணத்துக்கென வைத்துள்ள பணத்தைக் கேட்கிறானாம். என் செய்வது என்று வினவுகிறார் தந்தையார்.

பிள்ளையின் வேட்கையை நாம் பழிக்கமாட்டோம். இந்த விளையாட்டு தமிழகத்துக்குப் புதியதன்று. சோழவரத்து விமானத்தளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுகளம் எழுந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டே எளிய பந்தய வண்டியை உருவாக்கினார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓடிப் பழகிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவரும் எளிய வண்டியில் ஏறித்தான் தொடங்கினார் என்பதை மாணவன் நினைவிற்கொள்வானாக.

இன்று அந்த இடத்தில் இருப்பது ஃபார்முலா எல்.ஜி.பி. பிரிவு. எஃகுக் குழாய்களாலான சட்டம். நாம் சாலையில் காணும் மாருதி சுசுகி காரின் என்ஜின். முதன்முறை ஓட்டுவோருக்கென்றே புதியவர் கோப்பைப் போட்டியும் இவ்வகை வண்டிகளில் நடந்து வருகிறது. ஃபார்முலா 4 வண்டியோ கார்பன் இழையாலான கூடும், டர்போ என்ஜினும், காற்றால் வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் உடையது. எஃகுக் குழாய் வளைந்தால் உள்ளூர்ப் பட்டறையில் வெட்டிப் பற்றவைக்கலாம். கார்பன் கூடு உடைந்தால் அதனை அவ்வாறு எளிதில் செப்பனிட இயலாது. திறந்த சக்கர வண்டிகளில் ஒன்றன் சக்கரம் மற்றொன்றன்மீது ஏறினால் வண்டி மேலே தூக்கி எறியப்படும். ஆதலின் புதியவன் கையில் வண்டி சிதைவது வியப்பன்று. அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வைத்தல் வேண்டும்.

ஆனால் செலவு மட்டுமே காரணமன்று. எல்லோரும் ஒரே வகை வண்டியில் ஓடும்போது, பின்தங்கியவன் வண்டியின்மேல் பழிபோட இடமில்லை. எங்கே பிரேக்கை முன்னதாக அழுத்தினோம், எந்த வளைவில் தடம் தவறினோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கற்றல் அங்கேதான் தொடங்குகிறது. இறக்கையின் உதவியில்லாமல் டயரின் பிடிப்பை உணரத் தெரிந்தவனுக்கே மேற்பிரிவு வண்டி பயன் தரும்.

சொந்த வண்டி வாங்குவதையும் நாம் ஆதரிக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர் பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். முதற்பந்தயத்தோடு கைப்பணம் தீர்ந்தது. வண்டி கொட்டகையில் உறங்குகிறது. குழுவினரிடம் ஒரு பருவத்துக்கு வாடகையாக இருக்கை பெறுவதே நன்று. ஒப்பந்தத்திற்குமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். டயர்கள் யார் கணக்கு? உடைந்தால் யார் பொறுப்பு? பயிற்சி எத்தனை நாள்? பந்தயம் நின்றுபோனால் பணம் திரும்புமா? ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம், தீத்தாங்கும் உடை, கழுத்துக் காப்பு ஆகியவற்றின் செலவு தனி. இவற்றில் சிக்கனம் கூடாது.

அன்பருக்கு நாம் கூறுவது இது. திருமணப் பணத்தைத் தொடவேண்டாம். மகன் முதலில் ஓராண்டு கார்ட் வண்டியில் பழகட்டும். அந்தச் செலவின் ஒரு பகுதியை அவனே ஈட்டட்டும். வேட்கை அப்போதும் தணியாதிருந்தால் புதியவர் பிரிவில் ஒரு முழுப் பருவம் ஓடட்டும். கோவையருகே செட்டிபாளையத்தில் உள்ள களமும் சென்னைக் களமும் தமிழகத்தில் இருப்பதால், உறவினர் வீட்டில் தங்கும் வசதியும் வாய்க்கலாம். ஒரு பந்தயம் ஓடப் பணம் போதுமா என்று பாராமல், கடைசிப் பந்தயம்வரை போதுமா என்று பாருங்கள். போதாதெனில் இன்னும் கீழுள்ள படியே அவனுக்கு ஏற்ற படி. அதில் இழிவொன்றுமில்லை.