காவல் நாய்க்குப் பாதி மருந்து போதுமா?

சிவகங்கை மாவட்டம் கீழச்சிவல்பட்டி வட்டாரத்தில் கடலைக் காட்டுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் இரவுக் காவல் நாய்தான். ஆடு தீனி எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் விவசாயி, நாய் இரண்டு நாள் சுருண்டு படுத்தால் மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறார். "நாய்க்குக் காய்ச்சல், நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரரும் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறார். இந்தப் பழக்கம் நாயைக் காப்பாற்றுவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லதல்ல.

இப்படிக் கைமாறும் மருந்துகளில் ஒன்று டாக்சிசைக்ளின். மனிதருக்கும் நாய்க்கும் பொதுவான மருந்து, விலையும் அதிகமில்லை. நாய்க்கு உண்ணியால் வரும் எர்லிக்கியா நோய்க்கு இதுவே முதல் மருந்து. 1935-ல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட இந்நோய், தென்னிந்தியாவிலும் 1940-களிலேயே பதிவாகிவிட்டது. கிருமி வெள்ளணுக்களில் புகுந்து வளரும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் குறைந்துபோகும். காய்ச்சல், தீனி எடுக்காமை, ஈறு வெளுத்தல், அடிவயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சில சமயம் மூக்கிலிருந்து இரத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

மருந்து கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கி, நாய் எழுந்து வாலை ஆட்டும். அத்துடன் மருந்தை நிறுத்திவிடுவதே வழக்கம். ஆனால், கிருமி அதற்குள் அழிந்திருக்காது. பொதுவாக இந்நோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், தினமும், 28 நாட்கள் கொடுக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. மொத்தம் 56 மாத்திரை! நாலு மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் வரும். மிச்சமிருக்கும் கிருமி மாதக் கணக்கில் உடலில் பதுங்கியிருந்து, பின்னர் எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடக் கூடும். அந்த நிலைக்குப் போன நாயைப் பிழைக்க வைப்பது கடினம். 56 மாத்திரைக்குச் செலவா என்று கேட்பவர்கள், காவலில்லாத பட்டியில் ஓர் ஆடு களவு போனால் என்ன நஷ்டம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

காய்ச்சலெல்லாம் எர்லிக்கியா என்று எண்ணிவிடவும் கூடாது. கண் மஞ்சளித்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது உண்ணியாலேயே பரவும் பெபீசியா நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. டாக்சிசைக்ளினை மட்டும் நம்பியிருந்தால் நாள்தான் வீணாகும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்நோக்கியில் பார்த்தால் பல சமயம் விவரம் தெரிந்துவிடும். ஆகவே எடையும் நாள் கணக்கும் கால்நடை மருத்துவர் சொல்லியே தீர வேண்டும். சினை நாய்க்கும் குட்டிக்கும் அவரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது. இக்குடும்ப மருந்துகள் வளரும் எலும்பிலும் பல்லிலும் படியக் கூடியவை.

கொடுக்கும் முறையிலும் தவறு நேர்கிறது. பாலில் கரைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இம்மருந்தைப் பிடித்துக்கொள்வதால், உடலில் சேரும் அளவு குறையும். இரும்புச் சத்து டானிக்கும் அப்படியே. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். சோற்று உருண்டையிலோ கறித்துண்டிலோ பொதிந்து கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்கச் செய்வதே சரி.

பூனைக்கு இன்னும் கவனம் தேவை. காய்ந்த மாத்திரை அதன் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாயே சுருங்கி, உணவு இறங்காமல் போகும். மாத்திரை கொடுத்தவுடன் ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி தண்ணீரை மெதுவாகப் புகட்ட வேண்டும். மாட்டுக்கு வாங்கி மீந்த என்ரோஃபிளாக்சசினை உத்தேசமாகப் பூனைக்குக் கொடுத்தால், அளவு மிஞ்சிக் கண் பார்வை போகக் கூடும். பாராசிட்டமால் பேச்சே வேண்டாம். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம்.

இனி வீட்டாரின் பக்கம். புதர்களிலுள்ள சிற்றுண்ணிகளின் இளம்புழு கடித்து மனிதருக்கு வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அது நாயிடமிருந்து வருவதல்ல. ஆனால் அதற்கும் முக்கிய மருந்து இதே டாக்சிசைக்ளின்தான். அது கடுமையாகும்போது டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது கூடுதல் பலன் தருவதாக, வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை மிச்சம் பிடித்து நாய்க்கு வைத்தால் இருவருமே அரைகுறையாகத்தான் குணமாவார்கள். மேலும், அரைகுறையாகவும் தேவையின்றியும் மருந்து தின்னும் நாயின் குடலிலும் தோலிலும் உள்ள மற்றக் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறி, அதே திண்ணையில் புழங்கும் குழந்தைகளுக்கும் தொற்றலாம்.

பழியை விவசாயி மீது மட்டும் போடுவது நியாயமாகாது. பாதி நாள் கூலியை விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும். கால்நடை மருந்தகங்களில் நாய்க்கான முழுத் தவணை டாக்சிசைக்ளினை இருப்பில் வைப்பது பெரிய செலவு அல்ல. ஊராட்சிகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளிலேயே உண்ணி மருந்தும் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யலாமே! மருத்துவர் சீட்டின் பேரில் விற்க வேண்டிய மருந்தைக் கடைக்காரர் வெட்டி விற்பதும் நிற்க வேண்டும்.

உண்ணியை ஒழிக்காமல் 56 மாத்திரை கொடுத்தாலும் நோய் திரும்ப வரும். நாயின் மேல் இருப்பவை கொஞ்சந்தான். மீதி சுவர் வெடிப்பிலும் தொழுவத்து மண்ணிலும் இருக்கின்றன. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்புகளைப் பூசி அடைத்து, நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலச வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்துகள் பலவும் பூனைக்கு நஞ்சு. தொழுவத்தில் மருந்து அடிக்கும் நாளில் பூனையை வேறிடத்தில் அடைத்து வைப்பது அவசியம்.