தவறாகக் கொடுத்த பணத்தை ஏழையிடம் திருப்பிக் கேட்கலாமா?

வேலை இல்லாதவருக்குச் சர்க்கார் கொடுக்கும் பணம் பெரிய பணம் அல்ல.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு ஆபீசில் பெயரைப் பதிந்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய். தேறியவருக்கு 300 ரூபாய். பிளஸ் 2 முடித்தவருக்கு 400 ரூபாய். பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் பணம் சேரும். மூன்று ஆண்டுகள் வரைதான் கிடைக்கும்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இந்த ஊர்களில் இந்தப் பணத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்கள் படிக்க வைத்த பிள்ளை வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறது. பரீட்சைக்கு மனுப் போடவும், மதுரைக்குப் போய் வரவும் அந்த 600 ரூபாய்தான் கைகொடுக்கிறது.

இந்தப் பணம் சில நேரம் தவறாகவும் வந்து சேரலாம்.

எப்படித் தவறு நேரும்?

ஒரு பெண்ணுக்குச் சிறு வேலை கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஆபீசுக்கு எழுதித் தெரிவிக்கிறாள். கடிதம் கட்டில் தூங்குகிறது. பணம் மட்டும் ஒன்பது மாதம் வந்து கொண்டே இருக்கிறது. மாதம் 600 வீதம் 5,400 ரூபாய். வந்த பணம் அரிசியாகவும் பருப்பாகவும் மருந்தாகவும் செலவாகி விடுகிறது. அதன் பிறகு ஒரு நாள், "5,400 ரூபாயையும் உடனே கட்டு" என்று நோட்டீஸ் வருகிறது.

அவள் எங்கே போவாள்? கந்துவட்டிக்காரனிடம்தான் போவாள். சர்க்கார் ஆபீசின் தவறுக்கு அவள் வட்டி கட்ட வேண்டும். இது நியாயமா?

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இதே போன்ற கேள்வி அரசு ஊழியர்கள் விஷயத்தில் எழுந்தது. கணக்குத் தவறினால் கூடுதல் சம்பளம் கொடுத்து விட்டு, பிறகு திருப்பிக் கேட்டார்கள். 2014 டிசம்பர் 18-ந் தேதி, பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மசீ என்பவருக்கும் இடையிலான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. கீழ்நிலை ஊழியர்களிடம் பிடித்தம் செய்யக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஓர் ஆண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் கேட்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தவறாகக் கொடுத்து வந்திருந்தால் அதையும் கேட்கக் கூடாது. மேல் பதவி வேலையை வாங்கிக் கொண்டு, அதற்குக் கொடுத்த சம்பளத்தைப் பறிக்கக் கூடாது. மொத்தத்தில், திருப்பி வாங்குவது பெரிய கொடுமையாக இருந்தால் வாங்கக் கூடாது.

2022 மே மாதம், கேரளத்தைச் சேர்ந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு அப்படியே சொன்னது. வாங்கியவர் பொய் சொல்லவில்லை, மோசடி செய்யவில்லை. தவறு சர்க்காருடையது. ஆகவே திருப்பிக் கேட்கக் கூடாது என்றது. கஷ்டத்திலிருந்து காப்பாற்றவே இந்தச் சலுகை என்றும் விளக்கியது.

இந்தத் தீர்ப்புகள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களைப் பற்றியவை. சம்பளக்காரருக்கே இத்தனை இரக்கம் உண்டு என்றால், சம்பளமே இல்லாதவருக்கு அதைவிடக் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

பொதுப் பணம் ஆயிற்றே!

"அது மக்களின் வரிப்பணம். விட்டுக் கொடுக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

2020-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டத்தில், தகுதி இல்லாத லட்சக்கணக்கான பேர் சேர்க்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. இடைத்தரகர்களும் தற்காலிக ஊழியர்களும் கைதானார்கள். வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. திட்டம் போட்டு ஏமாற்றியவனை விடக் கூடாது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஏமாற்றியவனையும் ஏமாந்தவனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? இருவரையும் பிரித்துப் பார்ப்பதுதான் அதிகாரியின் கடமை.

வெளிநாட்டுப் பாடம்

ஆஸ்திரேலியாவில் இந்தக் கடமையைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். 2015-ல் தொடங்கிய திட்டம் அது. ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று கம்ப்யூட்டர் சமமாகப் பிரித்தது. "வேலை இல்லாத காலத்திலும் உனக்கு வருமானம் இருந்தது. வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டு" என்று லட்சக்கணக்கான பேருக்கு நோட்டீஸ் போயிற்று. அந்தக் கணக்கே சட்ட விரோதம் என்று 2019-ல் முடிவாயிற்று. வசூலித்த பணத்தைச் சர்க்கார் திருப்பிக் கொடுத்தது. 2023-ல் விசாரணைக் கமிஷன் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் கூலி உண்டு. மற்ற நாளில் கை காய்ந்து விடும். இங்கே சராசரிக் கணக்குப் போட்டால் எத்தனை குடும்பங்கள் தவிக்கும்!

அமெரிக்காவில் 2020 மார்ச்சில், கொரோனா காலத்துக்கென்று புதிய வேலையில்லா உதவி கொண்டு வந்தார்கள். தவறாகக் கொடுத்ததைத் தள்ளுபடி செய்ய அந்தச் சட்டத்தில் வழி இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கியவர் மேல் தவறு இல்லை, திருப்பி வாங்குவது நியாயம் அல்ல என்றால் தள்ளுபடி செய்யலாம் என்று மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

தமிழ்நாடு அரசு தெளிவான உத்தரவு ஒன்று போட வேண்டும். உதவித்தொகை, முதியோர் பென்ஷன் போன்ற எல்லாவற்றுக்கும் அது பொருந்த வேண்டும்.

வாங்கியவர் பொய் சொல்லவில்லை என்றால், கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

அவர் சொல்வதைக் கேட்காமல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

என்ன தவறு, யார் செய்த தவறு, எவ்வளவு பணம் என்று நோட்டீசில் எளிய தமிழில் எழுத வேண்டும். தள்ளுபடி கேட்கும் வழியையும் அதிலேயே சொல்ல வேண்டும்.

திருப்பிக் கட்டியே தீர வேண்டியவருக்குத் தவணை கொடுக்க வேண்டும். 2016-ல் ஒரு நீதித்துறை அதிகாரி, கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்திருந்ததால், கட்டத்தான் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அவருக்கே இரண்டு ஆண்டுத் தவணை கிடைத்தது. கூலிக்காரன் மகனுக்குக் கிடைக்கக் கூடாதா?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் உறுதிமொழித் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு நகல் வைத்துக் கொள்ளுங்கள். வேலை கிடைத்தால் அன்றே எழுதித் தெரிவியுங்கள். அதற்கும் நகல் வேண்டும். நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். பதில் எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

5,400 ரூபாய் போனால் சர்க்கார் கஜானா காலியாகி விடாது. ஒரு ஏழை வீட்டின் அடுப்பு அணைந்து விடும். கணக்கை எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்து எழுதட்டும்.