வந்தது, அனுப்பினேன்!

என் பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் தன் கையாலேயே வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக் கொள்வார். சென்ற ஆண்டு ஒரு நாள் அதை நிறுத்தி விட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. காரணம், எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு ஆடியோ. இன்சுலின் என்பது மருந்துக் கம்பெனிகளின் சதியாம். அது கிட்னியைக் கெடுக்குமாம். வெந்தயத்தையும் வெண்டைக்காயையும் ஊற வைத்துக் குடித்தால் போதுமாம். பேசியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன படித்தவர் என்பதும் இல்லை. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. நம் மக்களுக்கு அது போதாதா!

ஒரு மாதத்தில் காலில் கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தான் விஷயமே வெளியே வந்தது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. அதைக் கட்டுக்குள் வைப்பது தான் இன்சுலின். 1921ல் கனடாவின் டொரண்டோவில் இதைக் கண்டுபிடித்தவர்கள், பெயரளவுக்கு ஒரு டாலர் வாங்கிக் கொண்டு காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்து விட்டார்கள். இன்றைய கம்பெனிகள் அந்த மருந்தில் கொள்ளை லாபம் பார்ப்பது வேறு விஷயம். அதைக் கண்டிக்க வேண்டும், கண்டிப்போம். அதற்காக மருந்தையே விஷம் என்பதா?

ஆடியோவை அனுப்பியவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "எனக்கு வந்தது, அனுப்பினேன். நாலு பேருக்கு நன்மையாக இருக்கட்டுமே என்று தான்" என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. அன்றிரவே குரூப்பில், பெரியம்மாவுக்காக துஆ செய்யும்படி ஒரு செய்தி போட்டார். அதற்கு முப்பது பேர் ஆமீன் சொல்லியிருந்தார்கள்.

"வந்தது, அனுப்பினேன்" என்ற இந்தப் பதிலைச் சகோதரர்கள் ஏற்றுக் கொள்கிறீர்களா? அப்படியானால் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம்கள் எச்சில் துப்பி கொரோனா பரப்புகிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. அவற்றில் சில, கொரோனா வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. தள்ளுவண்டியில் பழம் விற்ற ஏழையிடம் பெயரைக் கேட்டு விரட்டினார்கள். அந்த ஆகஸ்ட்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும் சொன்னது. அதற்குள் விரட்டப்பட்டவன் வயிறு காய்ந்தது காய்ந்தது தான். அந்த வீடியோக்களை அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வந்தது, அனுப்பினேன்! அவர் சொன்னால் விஷமப் பிரச்சாரம், நாம் சொன்னால் சமூக சேவையா?

ஊருக்கு உபதேசம் செய்யும் நானும் யோக்கியன் அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழக அரசு, தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் ஊசி. உடனே வதந்தி கிளம்பியது. அந்நியச் சதி என்றார்கள், பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை என்றார்கள். ஏராளமான பெற்றோர் மறுக்கவே, மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். அந்த வதந்திகளில் ஒன்றை மூன்று குரூப்களுக்கு அனுப்பியவன் நான். என் தம்பி அதைப் படித்து விட்டு மகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிறகு ஒரு நர்ஸம்மா வீடு தேடி வந்து, ருபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதன் பிறகே ஊசி போட்டோம். அனுப்பியதை நான் வாபஸ் வாங்கினேனா என்றால், இல்லை. அதைப் படித்து விட்டு எத்தனை வீடுகளில் ஊசி போடாமல் விட்டார்களோ, இன்றும் எனக்குத் தெரியாது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பூச்சாண்டியின் பூர்வீகத்தையும் பார்ப்போம். 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற லண்டன் டாக்டர், வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட இருந்த வக்கீலிடம் அவர் பணம் வாங்கியது பின்னால் அம்பலமானது. 2010ல் லான்செட் கட்டுரையை வாபஸ் பெற்றது. அதே ஆண்டு அவர் டாக்டர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். அவரை நீக்கி விட்டார்கள், நம் போனிலிருந்து அவர் பொய்யை நீக்கியபாடில்லை!

சதியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2011ல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் ஒரு டாக்டரை வைத்து மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சி.ஐ.ஏ. உளவு பார்த்தது. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று 2014ல் வெள்ளை மாளிகையே சொல்ல வேண்டி வந்தது. அந்த அயோக்கியத்தனத்தின் விலையைக் கொடுத்தவர்கள், போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழைப் பெண்களும், மருந்து கிடைக்காமல் கால் முடங்கிய குழந்தைகளும் தான். இந்த சதி ஆதாரத்தோடு வெளிவந்தது. யார், எங்கே, எப்போது என்று சொல்ல முடிகிறது. உங்கள் ஆடியோவில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

ஒரு செய்தி கிடைத்தால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், நம்பத்தக்கவரா என்று சங்கிலி சங்கிலியாக விசாரித்த அறிஞர்களின் வழி வந்ததாக மேடையில் பெருமை பேசுகிறோம். கையில் போன் வந்ததும் அது எங்கே போயிற்று?

பலமுறை பகிரப்பட்டது என்று வாட்ஸ்அப் நிறுவனமே இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. நம்மவர்களுக்கு அது எச்சரிக்கையாகத் தெரியவில்லை. இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே என்று நற்சான்றிதழாகத் தெரிகிறது.

இன்று காலை அதே சகோதரர் இன்னொன்று அனுப்பியிருக்கிறார். மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக் கொண்டே இருந்தால் பிழைத்து விடலாமாம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியமான நேரத்தில் 108க்குப் போன் செய்யாமல் ஒருவர் உட்கார்ந்து இருமிக் கொண்டிருந்தால் கதி என்ன? இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி, இதைச் சொன்ன டாக்டர் யார், எந்த மருத்துவமனை என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் வரை பதில் வரவில்லை.