யானைக் கோபுரத்தின் கால்கள்

விக்டோரியா மகாராணியாரின் காலத்துப் பொறியாளர், தண்ணீர்த் தொட்டிக்கும் தேவாலயத்துக்குரிய கம்பீரத்தை அளித்தனர். இதனை வீண் ஆடம்பரம் என்பாரும் உளர். அன்னோர், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள கால்செஸ்டர் நகரத்து நீர்க்கோபுரத்தைச் சற்று நோக்குவாராக.

ரோமர் கட்டிய பால்கெர்ன் வாயிலுக்கருகே, மேட்டு நிலத்தில், ஏறக்குறைய 130 அடி உயர்ந்து நிற்கும் இக்கோபுரம் 1883-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. லண்டன் மிருகக்காட்சிச் சாலையிலிருந்த ஜம்போ என்னும் ஆப்பிரிக்க யானை, முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அதனால் நாடெங்கும் பெருங்கூக்குரல் எழுந்திருந்தது. கோபுரத்தின் முன் தம் மனை சிறுத்துப்போனதைப் பொறாத அண்டைக் குருவானவர் ஒருவர், ஏளனமாக அதற்கு அந்த யானையின் பெயரையே சூட்டினார். ஏளனம் மறைந்தது, பெயர் நிலைத்தது. அவரை நாம் குறை கூறுவானேன்? உவமை அத்துணைப் பொருத்தமானது!

யானைக்குக் கால்களே அழகென்றால், இக்கோபுரத்துக்கும் அஃதே. மூலைக்கொன்றாக நான்கு பருத்த செங்கல் தூண்கள், நடுவில் ஒன்று. மூலைத் தூண்களை உயர்ந்த வளைவுகள் இணைக்கின்றன. இவற்றுக்காகச் சுமார் 12 லட்சம் செங்கற்கள் செலவாயின. மேலுள்ள இருப்புத் தொட்டி ஏறக்குறைய 2,20,000 காலன் நீர் கொள்ளும். காலனுக்கு 10 ராத்தல் வீதம் கணக்கிடின், நீரின் பாரம் மட்டுமே சுமார் 1,000 டன். அத்தனையும் தூண்களின் வழியே நிலத்துக்கு இறங்குவதால், இடையே சுவர் வேண்டுவதில்லை. ஆதலின் வளைவுகளினூடே வானம் தோன்றுகின்றது. கணக்கே ஈண்டு அலங்காரமாயிற்று.

1980-களில் கோபுரத்தின் பணி ஓய்ந்தது. பின்னர், தூண்களுக்கிடையேயுள்ள வெளியை அடைத்துக் குடியிருப்பாக்கும் யோசனைகள் எழுந்தன. நகர மன்றம் அவற்றை மறுத்தது. வாடகை வராத கட்டிடத்தை யார் செப்பனிடுவார் என்னும் வினா நியாயமானதே. செங்கல்லின் காரைக்கும் இரும்பின் துருவுக்கும் பணம் வேண்டும். பழமைப் பற்று மட்டும் போதாது. ஆயினும், வெளியை அடைத்தபின் எஞ்சுவது உயரமான ஒரு பெட்டியே. சுமை எவ்வாறு இறங்குகின்றது என்பதைக் கண்ணால் காண அதன்பின் வழியில்லை. அந்த விலைக்குக் கோபுரத்தைக் காத்தல், யானையின் கால்களைப் பலகையடித்து மறைத்துவிட்டு யானையைக் காத்தோம் என்பதை ஒக்கும்.

நடுத்தூணினுள் படிக்கட்டு உள்ளது. அதனைச் செப்பனிட்டு, கட்டணம் பெற்று மக்களை மேலேற்றுதலே தக்க வழியென்பது எம் கருத்து. வருவாய் சிறிதாகலாம், குறைவதை நகரத்தாரே ஈடுசெய்வாராக. அவர்தம் முன்னோர் குடித்த நீரை நூறாண்டுகள் சுமந்தது அதுவன்றோ?