மேல்வீட்டுப் பாட்டும் கீழ்வீட்டுக் கட்டிலும்

ஒரே பாட்டு மேல்வீட்டுக்கு இன்பமாகவும் கீழ்வீட்டுக்குத் துன்பமாகவும் இருக்கக்கூடும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால், கீழ்வீட்டை அடையும்பொழுது அது பாட்டாகவே இருப்பதில்லை என்பதைச் சென்ற மாதந்தான் நேரிற் கண்டோம்.

வெள்ளவத்தையிலே தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் நம் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். சங்கீதப் பித்தர். அவருடைய மூத்த மகன் தன் முதற் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சப்வூபர் ஒன்று வீட்டு மண்டபத்தின் மூலையில் வீற்றிருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை மாத்திரம் எழுப்புவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குத்தான் சப்வூபர் என்று பெயர். மனிதச் செவி செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை, அதாவது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கவல்லது. இந்தப் பெட்டியின் ஆட்சி அதில் அடிப்படியாகிய 20 முதல் 80, மிஞ்சினால் 120 ஹேர்ட்ஸ் வரை மாத்திரமே. மிருதங்கத்தின் தொப்பி முழக்கமும், திரைப்படத்து இடியோசையும் இதன் பங்கு.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும் அவர் மனைவியாரும் இருக்கின்றனர். அம்மையார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து, படுக்கையில் இருப்பவர். ஒருநாள் தபாலதிபர் கைப்படக் கடிதம் எழுதி நண்பர் வீட்டுக் கதவின் கீழாற் செருகிவிட்டார். நண்பருக்கு அது பெரிய மனத்தாங்கல். "இரவு எட்டு மணிக்குமேல் நான் பாட்டுப் போடுவதில்லை, பகலிலுமா கேட்கக்கூடாது?" என்று நம்மிடம் முறையிட்டார். இருபக்கமும் மனிதர் நல்லவர் என்பதை நாம் அறிவோம். ஆகவே, மேலே பாட்டைப் போடச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிச் சென்றோம்.

தபாலதிபர் நம்மை அம்மையாரின் கட்டிலருகே அழைத்துச் சென்றார். "மாஸ்டர், பாட்டென்றால் நானும் இருந்து கேட்பன். இது பாட்டில்லை. கட்டிலைப் பிடிச்சு ஆரோ உலுக்கிறமாதிரி" என்றார். கட்டிற் சட்டத்திற் கையை வைத்தோம். உண்மை. பாடகியின் குரல் இல்லை, வயலின் இல்லை, இராகம் ஏதென்று ஊகிக்கவும் இடமில்லை. சட்டத்திலே ஓர் உறுமலும், மருந்துப் புட்டிகளுக்கு இடையே ஒரு கிணுகிணுப்புமே இருந்தன. சீமெந்துச் சுவரும் கூரையும் உயர்ந்த சுரங்களை நன்றாகத் தடுத்துவிடுகின்றன. தாழ்ந்தவற்றையோ பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மேல்வீட்டார் முழுப் பாட்டையும் கேட்க, கீழ்வீட்டார் அதன் சக்கையை வாங்கிக்கொள்கிறார்கள். எலும்பு பொருந்துவதற்காக அசையாமற் படுத்திருக்கும் ஒருவருக்கு இது எப்படியிருக்கும் என்று அன்றுதான் நண்பரும் உணர்ந்தார். நமக்குப் பின்னால் அவரும் இறங்கி வந்திருந்தார். அதன்பின் அவர் கடிதத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

தாழ்ந்த ஒலி கட்டடத்தை அசைப்பது புதிய சங்கதியன்று. 1974 ஆம் ஆண்டில் 'எர்த்குவேக்' என்ற அமெரிக்கத் திரைப்படம் வந்தபொழுது, பூகம்பக் காட்சிகளுக்காகச் 'சென்சரவுண்ட்' என்ற முறையில் பெரும் பெரும் தாழ்சுர ஒலிபெருக்கிகளைக் கொட்டகைகளிற் பொருத்தினார்கள். ஹொலிவூட்டின் சைனீஸ் தியேட்டரில், விதானத்துச் சாந்து பார்வையாளர் தலையில் உதிர்ந்துவிடாமல் வலை கட்ட நேர்ந்ததாகச் சொல்வார்கள். அங்கே பணம் கொடுத்து அதிர்ச்சி வாங்கினார்கள். நம் தபாலதிபர் அப்படி எதுவும் கொடுக்கவில்லை.

சரி, பெட்டியிலிருந்து அதிர்வு வெளியேறும் வழிகள் யாவை? ஒன்று காற்று. மற்றொன்று தரை. குறிகட்டுவான் துறையில் வள்ளத்திலிருந்து கரைக்குப் பாய்ந்தவர்கள் அறிவார்கள்: நாம் முன்னே பாய, வள்ளம் பின்னே போகும். தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் என்று வகுப்பிற் படிப்பிப்பது இதைத்தான். ஒலிபெருக்கியின் கூம்பு காற்றை நோக்கி முன்னே பாயுந்தோறும், பெட்டி பின்னே தள்ளப்படுகிறது. பெட்டியின் கால்கள் தரையில் இறுக ஊன்றியிருந்தால், அந்தத் தள்ளல் முழுவதும் தரைக்குப் போய்விடும். தரை என்பது கீழ்வீட்டுக்குக் கூரையல்லவா? (இரண்டு கூம்புகளை எதிரெதிராக வைத்து ஒன்றின் தள்ளலை மற்றொன்று அழிக்குமாறு செய்த பெட்டிகளும் உண்டு. விலை கேட்டால் நமக்கே அதிர்ச்சி உண்டாகும்.)

காற்று வழியைப் பெட்டியின் கீழ் எதை வைத்தாலும் அடைக்க முடியாது. தரை வழியை அடைக்கலாம். அதற்காகவே அதிர்வு தடுக்கும் தாங்குமேடைகள் விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஓராலெக்ஸ் நிறுவனம் 'சப்டியூட்' என்ற பெயரில், பலகையின் கீழ் நுரைப்பொருள் ஒட்டிய மேடையொன்றை விற்கிறது. திருகிப் பூட்டும் மென்மையான இறப்பர்க் கால்களும் உண்டு. இவற்றின் தத்துவத்தை அறிந்தவர் இவற்றை வாங்காமலும் சமாளிக்கலாம். அறியாதவர் வாங்கியும் ஏமாறலாம்.

நண்பர் ஏற்கெனவே இருமுறை ஏமாந்திருந்தார். முதலில், கனமான கருங்கற் பலகையொன்றை வாங்கித் தரையிற் போட்டு, அதன்மேற் பெட்டியை வைத்தார். கல்லும் வன்மை, தரையும் வன்மை, பயன் யாதுமில்லை. பின்பு, யாரோ சொன்னார்கள் என்று நான்கு கால்களின் கீழும் மெல்லிய, கடினமான இறப்பர்த் துண்டுகளை ஒட்டினார். சில பாட்டுகளில் நிலைமை முன்னிலும் மோசமாயிற்று! இறப்பர் என்றாலே அதிர்வைத் தின்றுவிடும் என்பது பலரும் கொண்டுள்ள மயக்கம். இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது மாணவர்களுக்கும் பயன்படும்.

மென்மையான தாங்கியின்மேல் ஒரு பாரத்தை வைத்தால், அது சுருள்வில்லின்மேல் வைத்த பாரம்போல ஆகிறது. தட்டிவிட்டால் தனக்கே உரிய ஒரு மீடிறனில் மேலும் கீழும் ஆடும். அந்த இயற்கை மீடிறனைக் காண்பது எளிது. பெட்டியை வைத்ததும் தாங்கி எத்தனை மில்லிமீற்றர் அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 16 ஐ வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் அமுங்கினால் 16 ஹேர்ட்ஸ். நான்கு அமுங்கினால் 8. பதினாறு அமுங்கினால் 4. இறப்பர் விரைவான ஆட்டத்தில் சற்று விறைப்பதால், மெய்யான விடை இதனிலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

இனித்தான் முக்கியமான சங்கதி. இயற்கை மீடிறனின் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட ஒலிகளையே தாங்கி தடுக்கும். அதற்குக் கீழ்ப்பட்டவற்றைத் தடுக்காது. இயற்கை மீடிறனை ஒட்டிய ஒலிகளையோ பரிவினால் பெருக்கியே அனுப்பும். நண்பரின் இறப்பர்த் துண்டுகள் பெட்டியின் பாரத்தில் ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கே அமுங்கியிருக்கும் என்று கொள்வோம். இயற்கை மீடிறன் 50 ஹேர்ட்ஸ்! பாட்டின் நடுவயிற்றிலேயே கொண்டுபோய்ப் பரிவை வைத்தாயிற்று. நான்கு மில்லிமீற்றர் அமுங்கும் தாங்கியானால், 24 ஹேர்ட்ஸ் ஒலியில் எட்டிலொரு பங்கும், 40 ஹேர்ட்ஸில் இருபத்துநான்கில் ஒரு பங்குமே கீழே இறங்கும். இது கடதாசிக் கணக்கு. தரையும் சிறிது வளைந்து கொடுப்பதால் வீட்டில் இவ்வளவு கிட்டாது. எனினும் திசை சரியானது.

உயர்தர வகுப்பிற் பயிலும் நண்பரின் இளைய மகன் இதைச் சோதித்துவிடுவது என்று புறப்பட்டான். தட்டொன்றில் நீர் நிரப்பித் தரையில் வைத்தான். கைத்தொலைபேசியிலிருந்து 20 ஹேர்ட்ஸ் முதல் 100 வரை ஒவ்வொரு சுரமாகப் பெட்டிக்கு அனுப்பினான். இறப்பர்த் துண்டுகள் இருக்கையில், 45 க்கும் 55 க்கும் இடையில் தட்டு நீர் சிலிர்த்தெழுந்தது. துண்டுகளைக் கழற்றியதும் அந்தச் சிலிர்ப்புத் தணிந்தது. நாம் கரும்பலகையில் இருபது ஆண்டாக எழுதிவந்த சமன்பாட்டை ஒரு தட்டு நீரிற் பார்த்தபொழுது உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பிறகு செய்தது இது. ஸ்கூட்டர்ச் சில்லின் உள்ரியூப் ஒன்று வாங்கி, மிகக் குறைவாகக் காற்றூட்டித் தரையில் வைத்தோம். அதன்மேல் தடித்த ஒட்டுப்பலகை. பலகையின்மேல், தள்ளிவைத்திருந்த அதே கருங்கல். கல்லின்மேற் பெட்டி. வன்மையான தரையிற் பயனற்றுக் கிடந்த கல், மென்மையான ரியூப்பின்மேல் ஏறியதும் பயனுடையதாயிற்று. திணிவு கூடியதால் பெட்டியின் ஆட்டம் குறைந்தது. காற்றை அளவாக ஊட்டுவதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. பலகை தரையைத் தொடாமல் மிதக்குமளவுக்கு மாத்திரம் ஊட்டவேண்டும். வீங்க ஊட்டினால் ரியூப்பும் கல்லாகிவிடும். விரலால் மெல்லத் தள்ளினால் பெட்டி சோம்பலாக அசைந்து நிற்கவேண்டும், துள்ளக்கூடாது. உயர்ந்து ஒடுங்கிய பெட்டிகளுக்கும், சிறு குழந்தைகள் ஓடித்திரியும் வீடுகளுக்கும் இம்முறை ஆகாது, சரிந்து விழக்கூடும். அங்கே ரெனிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டி, நான்கு மூலைக்கும் கவிழ்த்து வைப்பது தாழ்வாகவும் பத்திரமாகவும் இருக்கும். தடுப்பு இதனிலும் குறைவு. எதை வைத்தாலும் பெட்டியின் காற்றுத்துளையையும், பின்புறத்துச் சூடான பகுதியையும் மூடிவிடலாகாது.

நீர்த்தட்டு அமைதியாயிற்று. மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியின் நெடுநாட் கிணுகிணுப்பும் போயிற்று. ஆயின் மூத்த மகன் அன்று மாலை வந்து இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "அப்பா, பேஸ் குறைஞ்சு போச்சு" என்றான். குறையவில்லை. கதிரையில் வைத்துக் கைத்தொலைபேசியின் ஒலிமானியால் முன்னும் பின்னும் பார்த்தோம், நுணுக்கமான கருவியன்று, ஒப்பிடுவதற்குப் போதும், ஏறக்குறைய மாற்றமில்லை. காலடியில் தரை அதிர்ந்ததையும் அவன் இசையென்று எண்ணிப் பழகியிருந்தான். மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் இப்பொழுது தொடங்கிய இடத்திலேயே முடிகிறது என்று தகப்பனார் சொல்கிறார். அலுமாரியும் தரையும் கூடப் பாடுவதை நிறுத்தியதன் பயன் அது என்பது நம் எண்ணம்.

இத்தகைய மேடைகள் ஒலிபெருக்கியைத் தரையிலிருந்து 'உயர்த்துவதால்' ஒலி தெளிகிறது என்று விளம்பரஞ் செய்வோர் உளர். அதை நம்பவேண்டியதில்லை. 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கும் அதிகம். அத்துணை நீண்ட அலைக்கு நாலங்குல உயரம் ஒரு பொருட்டா? அறையில் பெட்டி இருக்கும் இடம் முக்கியம். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகும். ஓரிடத்தில் அது குமுறும், மற்றோரிடத்தில் காணாமற்போகும். அந்தக் குறைக்குப் பெட்டியை நகர்த்துவதே மருந்து, மேடை மருந்தன்று. அவ்வாறே, தரைமட்ட வீடுகளில் மண்ணின்மேல் நேரே இட்ட சீமெந்துத் தரைக்கு இம்முயற்சியாற் பெரும் பயன் கிடையாது. மண்ணே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பழைய மரத்தளங்களிலும் தொடர்மாடிகளிலுமே இதன் அருமை தெரியும்.

மறுநாள் மாலை மீண்டும் கீழே இறங்கினோம். நண்பர் மேலே அதே பாட்டைப் போட்டார். கட்டிற் சட்டத்திற் கை வைத்தோம்; அசைவு இல்லை. மருந்துப் புட்டிகளும் வாய்திறக்கவில்லை. சுவரோடு காதை வைத்தால், காற்று வழியே வந்த மெல்லிய முனகல் இருந்தது. அம்மையார், "இப்ப கட்டில் சும்மா கிடக்குது" என்றார். தபாலதிபர், அம்மையார் பகலில் உறங்கும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையும், இரவு எட்டு மணிக்குப் பின்னும், பெட்டியின் குமிழைத் தணிக்க இயலுமா என்று கேட்டார். நண்பர் ஒப்புக்கொண்டார்.

ரியூப்பிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசிவதால், ஒவ்வொரு மாதத்தின் முதற் ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிள் பம்பினால் நாலு தரம் அடிக்கவேண்டியிருக்கிறது. பம்பு தபாலதிபருடையது.