மேடைக்கு வராத கேள்விகள்

"கனடாவைப் பாருங்க தோழர். நாலு தலைவர்கள் ஒரே மேடையில நின்னு பேசுறாங்க. மைக்கைப் பிடுங்கல, நாற்காலி பறக்கல. இதுதான் ஜனநாயகம்."

அந்த நாட்டுத் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தாலே நம் இளைஞர்களில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவர். அவரைக் குறை சொல்லவில்லை. சேரியிலிருந்து ஒரு பிள்ளை டொரன்டோ வரை போய்ப் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான். நாகரிகமாகப் பேசுவதும் நல்ல விஷயம்தான். ஆனால் எதைப் பற்றி நாகரிகமாகப் பேசினார்கள், எதைப் பற்றி நாகரிகமாக வாயை மூடிக்கொண்டார்கள் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலுக்கு முன் மான்ட்ரியலில் இரண்டு விவாதங்கள் நடந்தன. 16ஆம் தேதி பிரெஞ்சு மொழியில், 17ஆம் தேதி ஆங்கிலத்தில். லிபரல் கட்சியின் மார்க் கார்னி, கன்சர்வேட்டிவ் கட்சியின் பியர் பொலியேவ், புதிய ஜனநாயகக் கட்சியின் ஜக்மீத் சிங், கியூபெக்கில் மட்டும் போட்டியிடும் பிளாக் கெபெக்வாவின் இவ்-பிரான்சுவா பிளான்ஷே. ஆங்கில விவாதத்துக்கு ஐந்து தலைப்புகள்: விலைவாசி, எரிசக்தியும் பருவநிலையும், நெருக்கடி காலத்தில் தலைமை, பொதுப் பாதுகாப்பு, வரிவிதிப்பும் கனடா மீதான மிரட்டல்களும்.

2021 ஆங்கில விவாதத்திலும் ஐந்து தலைப்புகள்தான். அதில் ஒன்று 'நல்லிணக்கம்', அதாவது பூர்வகுடி மக்களுக்கும் கனடா அரசுக்குமான உறவு. முதல்முறை ஓட்டுப்போடப் போகும் பூர்வகுடி இளைஞர் ஒருவர், இத்தனை காலப் பொய்க்கும் கொடுமைக்கும் பிறகு ஒன்றிய அரசை நான் எப்படி நம்புவது என்று தலைவர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டார். 2025இல் அந்தத் தலைப்பே கிடையாது. குழாய்ப்பாதை பற்றிப் பேசும்போது போகிற போக்கில் தொட்டுக்கொண்டதோடு சரி.

நான்கு வருடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2021 மே மாதம் கம்லூப்ஸ் என்ற ஊரின் பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில், குழந்தைகளின் புதைகுழிகளாக இருக்கக்கூடிய சுமார் 200 இடங்கள் ரேடார் சோதனையில் தெரியவந்தன. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. செய்தி சூடாக இருந்தது, தலைப்புக் கிடைத்தது. 2025இல் செய்தி ஆறிப்போய்விட்டது. பிணம் கிடந்தால் மட்டும் நம் தெருவுக்கு வருகிற கேமராக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எம்.ஏ. சமூகவியலில் பாக்ராக், பாராட்ஸ் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்கச் சொல்வார்கள். அதிகாரம் என்பது எடுக்கிற முடிவில் மட்டும் இல்லை, சில விஷயங்கள் முடிவெடுக்கும் இடத்துக்கே வராமல் தடுப்பதிலும் இருக்கிறது என்பது அதன் சாரம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் சுடுகாட்டுப் பாதை என்ற பொருள் மட்டும் ஏன் எப்போதும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கட்டுரை ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கனடாவில் அந்தத் தேர்தலின்போது தீர்மானப் புத்தகம் விவாத ஆணையத்தின் கையில் இருந்தது. அரசு செலவில் இயங்கிய அமைப்பு. யார் மேடை ஏறலாம் என்பதற்கு விதி இருந்தது: நாடாளுமன்ற உறுப்பினர் இருக்க வேண்டும், கருத்துக்கணிப்பில் 4 சதவீதம் வேண்டும், 90 சதவீதத் தொகுதிகளில் வேட்பாளர் வேண்டும். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். 343 தொகுதிகளில் சுமார் 230 பேரை மட்டும் நிறுத்திய பசுமைக் கட்சி விவாதத்தன்று காலையில் வெளியே அனுப்பப்பட்டது. சரி, விதி விதிதான். ஆனால் அதே வாரம், மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஹாக்கி ஆட்டம் குறுக்கே வருகிறது என்று பிரெஞ்சு விவாதத்தை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். ஹாக்கிக்கு நகர முடிகிற மேடை அது. நகர மனம் வர வேண்டும், அவ்வளவே.

அந்த மேடைக்கு வராத விஷயங்களில் முதலாவது தண்ணீர்.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே நெஸ்கன்டாகா என்று ஒரு பூர்வகுடிக் குடியிருப்பு இருக்கிறது. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு 1995 பிப்ரவரியில் வந்தது. 2025 தேர்தல் நாளன்றும் அந்த அறிவிப்பு அமலில் இருந்தது. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு 30 வயது ஆகிவிட்டது. தன் ஊர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அப்படியே குடித்ததில்லை. 2020 அக்டோபரில் நீர்த்தொட்டியில் எண்ணெய்ப் படலம் தெரிந்து, கொரோனா காலத்தில் ஊரையே காலி செய்து தண்டர் பே நகர ஹோட்டல்களில் தங்க வைத்தார்கள். உலகின் நன்னீரில் கணிசமான பங்கைத் தன் ஏரிகளில் வைத்திருக்கும் நாட்டில்தான் இது நடந்தது.

ஜஸ்டின் ட்ரூடோ 2015இல் ஆட்சிக்கு வந்தபோது பூர்வகுடிக் குடியிருப்புகளில் இப்படி 105 நீண்டகால எச்சரிக்கைகள் இருந்தன. 2021 மார்ச்சுக்குள் ஒன்றுகூட இருக்காது என்று வாக்குக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் வேலை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் நீக்கப்பட்டன. ஆனால் பழையது நீங்க நீங்க வேறு இடங்களில் புதியது சேர்ந்தது. கெடு முடிந்து நான்கு வருடம் கழித்து, 2025 தேர்தல் நடந்தபோதும் 30க்கு மேல் மிச்சம் இருந்தன. சுத்தமான தண்ணீரைச் சட்டப்படியான உரிமையாக்க சி-61 என்ற மசோதாவை 2023 டிசம்பரில் கொண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 6ஆம் தேதி ட்ரூடோ பதவி விலகல் அறிவிப்போடு நாடாளுமன்றத்தை முடக்கி வைத்தபோது அந்த மசோதா செத்துப்போனது. அடுத்த மூன்றே மாதத்தில் விவாதம். இறந்துபோன குடிநீர் மசோதாவை யார் திரும்பக் கொண்டு வருவீர்கள் என்பது ஒரு தலைப்பாகும் அந்தஸ்தை எட்டவில்லை.

கட்சிகளின் தேர்தல் அறிக்கையில் எல்லாம் இருக்கிறதே என்று ஒரு பதில் வரும். இருக்கலாம். அறிக்கையில் எழுதி வைப்பது ஒன்று, நேரலையில் எதிராளி முன் நின்று தேதி சொல்வது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்துதானே அத்தனை தலைவர்களும் விவாதத்துக்கு நாள் கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள்?

'பொதுப் பாதுகாப்பு' என்ற தலைப்புக்கு மட்டும் குறைவில்லாமல் இடம் கிடைத்தது. பொலியேவ் பேசியதெல்லாம் தண்டனையைக் கூட்டுவது பற்றி. மூன்று முறை கடுங்குற்றம் செய்தவருக்கு ஜாமீன் இல்லை, பரோல் இல்லை என்பது அவர் வாக்குறுதி. பலரைக் கொன்றவர்கள் சிறையிலேயே சாக வேண்டும், அதற்காக உரிமைச் சாசனத்தையே ஒதுக்கி வைக்கும் பிரிவைப் பயன்படுத்துவேன் என்றும் சொன்னார். கார்னி அதை எதிர்த்தார், அது அவருக்கு நல்ல பேர் வாங்கித் தந்தது. ஆனால் அந்தச் சிறைகளில் யார் இருக்கிறார்கள்? மக்கள்தொகையில் 5 சதவீதமான பூர்வகுடிகள், ஒன்றிய அரசின் சிறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த எண்ணை மேசையில் வைக்காமல் குற்றம் பற்றிப் பேசுவதற்குப் பெயர் பாதுகாப்பு விவாதமா?

சிறைக்கு முன்னால் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. சமூகப் பணியாளர் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் விடப்பட்ட குழந்தைகளில் அவர்கள் 53.8 சதவீதம். உறைவிடப் பள்ளிகளுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன நாடு இது. கடைசிப் பள்ளி 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. பள்ளி போய்விட்டது, பிரிப்பது நிற்கவில்லை. இப்போது அந்த வேலையை என்னைப் போல் படித்தவர்கள் கையில் ஃபைலோடு செய்கிறார்கள்.

குடியிருப்பில் வாழும் குழந்தைகளின் நலச் சேவைக்கு அரசு வேண்டுமென்றே குறைவாகப் பணம் ஒதுக்குகிறது என்று சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான குழந்தைகள் நல அமைப்பும் பூர்வகுடிகள் பேரவையும் 2007இல் வழக்குப் போட்டன. இது பாகுபாடுதான் என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 40,000 டாலர் கொடு என்று 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. அரசு என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டு அக்டோபரில், தேர்தல் பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போனது. மேடையில் நல்லிணக்கம், கோர்ட்டில் அப்பீல். பிற்பாடு 2,300 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதைத்தான் இன்று அரசின் தாராள மனசு என்று சிலர் காட்டுகிறார்கள். 16 வருடம் வழக்காடிப் பிடுங்கிய பணத்துக்குத் தாராளம் என்று பெயரா?

அந்தத் தேர்தலில் இதற்கெல்லாம் நேரமில்லை, டிரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் ஆக்குவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார் என்பது இன்னொரு சமாதானம். இதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். மிரட்டலுக்குப் பதிலாகத் தலைவர்கள் முன்வைத்தது என்ன? எண்ணெய்க் குழாய், துறைமுகம், சுரங்கம், எரிசக்திப் பாதை. இவை எல்லாம் யார் நிலத்தின் வழியாகப் போகும்? தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில் விடை வந்தது. நாட்டு நலத் திட்டம் என்று அமைச்சரவை அறிவித்தால் பல அனுமதிச் சட்டங்களைத் தாண்டிச் செல்ல வழிசெய்யும் சி-5 மசோதா, லிபரல், கன்சர்வேட்டிவ் இரண்டு கட்சிகளின் ஓட்டோடு 2025 ஜூன் 20 அன்று மக்களவையில் நிறைவேறியது. எங்களிடம் முறையாகக் கேட்கவே இல்லை என்று பூர்வகுடித் தலைவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஜூன் 21, தேசியப் பூர்வகுடிகள் தினம். வாழ்த்துச் செய்திகள் வந்தன. எங்கள் நாட்டை எவனும் பிடுங்க முடியாது என்று மேடையில் முழங்கியவர்கள், தாங்கள் நிற்கும் மண் பற்றி ஒரு கேள்வியைக்கூடச் சந்திக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

இந்த மக்கள் தங்கள் அந்தஸ்தை இழக்காமல் ஒன்றியத் தேர்தலில் ஓட்டுப்போட முடிந்ததே 1960இல்தான். அதற்கு முன் பெரும்பாலோருக்கு ஓட்டு வேண்டுமென்றால் 'இந்தியன்' என்ற சட்ட அந்தஸ்தைக் கைவிட வேண்டும். (கொலம்பஸ் வழிதவறிப் போனதால் வந்த பெயர். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பு இன்றுவரை அதுதான்.) 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்கு அரசின் அனுமதி இல்லாமல் பணம் திரட்டுவதே குற்றம். 1977இல் மனித உரிமைச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் 67ஆம் பிரிவு, இந்தியன் சட்டத்துக்கு இது பொருந்தாது என்றது. அந்தப் பிரிவை நீக்க 2008 வரை ஆனது. மனித உரிமை உண்டு, நீ மட்டும் வெளியே நில் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அதே மனித உரிமைச் சட்டத்தில்தான் நமக்கும் வேலை இருக்கிறது. இனம், நிறம், மதம், பாலினம், மாற்றுத்திறன் என்று நீளும் அதன் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. கீழ்மட்டத்தில் அசைவு தொடங்கிவிட்டது. டொரன்டோ பள்ளி வாரியம் 2023 மார்ச்சில் சாதிப் பாகுபாட்டை விவாதித்து மாகாண மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்டது. அடுத்த மாதம் பர்னபி நகரசபை தன் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், சாதிப் பாகுபாடு மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் என்று நிலைப்பாடு வெளியிட்டது. எல்லாம் நம் ஆட்கள் குளிரில் நின்று வாங்கியது. ஒன்றிய விவாத மேடையில் சாதி பற்றி எந்தத் தலைவரிடமும் யாரும் கேட்கவில்லை.

நம் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளிவாய்க்கால் நினைவாக மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானம் 2022 மே மாதம் கனடா நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. இனிப்புக் கொடுத்தோம். அதே அவை, அதே வருடம் அக்டோபரில், உறைவிடப் பள்ளிகளில் நடந்தது இனப்படுகொலை என்று லியா கசான் கொண்டு வந்த தீர்மானத்தையும் ஒருமனதாக ஏற்றது. அதை நம்மில் எத்தனை பேர் பகிர்ந்தோம்? மே தீர்மானத்தைக் கொண்டு வந்த கேரி ஆனந்தசங்கரி 2023 முதல் 2025 வரை பூர்வகுடி உறவுத் துறை அமைச்சராகவே இருந்தார். நம்ம ஆள் அமைச்சர் என்று போஸ்டர் போட்டவர்கள், அந்தத் துறை எந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய துறை என்று பார்க்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது என் பிரச்சினை இல்லை. நாற்காலியில் நம்மவர் இருந்தால், அதற்கு முன்னால் மனுவோடு நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். இதை நாம் இங்கேயே நிறையப் பார்த்தாயிற்று.

அங்கே படிக்கப் போகிற, வேலைக்குப் போன தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஓட்டு இருக்காது. வாய் இருக்கிறது. ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் சர்ரேயிலும் வேட்பாளர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையில் வருவார்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எடுத்து முடித்ததும் இரண்டு கேள்வி: ஒன்றிய மனித உரிமைச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க ஓட்டுப் போடுவீர்களா? நெஸ்கன்டாகாவின் குழாயில் தண்ணீர் எந்தத் தேதியில் குடிக்கிற மாதிரி வரும்? இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்டால், உங்களையும் ஒரு ஓட்டு வங்கியாகக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். என்ன பதில் சொன்னார்கள், எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன். உங்கள் பெயர் வேண்டாம், வேட்பாளர் பெயர் போதும்.