கையும் தமிழும் கூடாத கல்வி கல்வியாகுமோ?



திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழில்நெடுவழியைக் கண்டு வியவாதார் இலர். ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்களில் இன்று மகிழுந்தும் சரக்குந்தும் ஈருருளியும் கைப்பேசியும் கண்ணாடியும் விளைகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் உண்டாய் நிறுவனத்தின் மகிழுந்துகள் 1998-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கின. அதன்பின் சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என ஊர்தோறும் தொழிலகங்கள் எழுந்தன. ஆள்வோர் மார்தட்டுகின்றனர், செய்தித்தாள்கள் புகழ் பாடுகின்றன. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அத்தொழிலக மதிலுக்கு இப்பால், ஊர்ப்பள்ளியில் அமர்ந்திருக்கும் தமிழ்ப்பிள்ளை நாளை எந்த வாயில் வழியாக உள்ளே நுழையப் போகின்றது? கை மட்டும் வேண்டப்படும் வாயில் வழியாகவா? கையும் மதியும் சேர்ந்து வேண்டப்படும் வாயில் வழியாகவா?

இவ்வினாவிற்கு விடை, வேலைக்கு ஆளெடுக்கும் அறையில் இல்லை. நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் இருக்கின்றது. ஏனெனில், கை மட்டும் வேண்டப்படுவோரின் நிலை எத்தகையது என்பதை இந்நெடுவழியே நமக்குக் காட்டிவிட்டது. 2006-இல் திறக்கப்பட்ட நோக்கியா கைப்பேசித் தொழிலகம் 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்டிரும் ஒரே ஆண்டிற்குள் வேலை இழந்தனர். ஒரே அசைவை ஓராயிரம் முறை செய்யப் பழகிய கைக்கு அவ்வசைவு வேண்டாதபோது வேறு துணையில்லை. தான் செய்வது இன்னதென அறிந்த கையோ ஒரு கருவியை விட்டு மற்றொரு கருவிக்குத் தாவவல்லது. அவ்வறிவைப் பிள்ளைப்பருவத்திலேயே ஊட்டுவதற்குப் பெயர்தான் செயல்வழிக் கல்வி.

இன்று நடப்பது என்ன? பருமன் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றின் பெருக்குத்தொகை எனப் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிக்கின்றனர். ஆனால் ஒரு கன அடி எவ்வளவு பெரிது என்று கேட்டால் கைவிரித்துக் காட்டத் தெரிவதில்லை. இந்நெடுவழிக்கு அருகிலேயே செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கின்றது. அதன் முழுக்கொள்ளளவு ஏறத்தாழ 364 கோடி கன அடி. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் பெருமழையின்போது அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதாக அரசு அறிவித்தது. அவ்வெள்ளத்தை நேரிற் கண்டவரிலும் அவ்வெண்ணின் பொருளை உணர்ந்தவர் எத்தனை பேர்?

ஓரடி நீளமுள்ள மூங்கிற்குச்சிகள் பன்னிரண்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுக. ஒரு கன அடி அவர்கள் கண்முன் எழுந்து நிற்கும். அதே அளவிலான தகரப்பெட்டியொன்றில் இலிட்டர்க் குவளையால் நீர் ஊற்றி எண்ணச் சொல்லுக. 28 இலிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அவ்வாறாயின் 29,000 கன அடி என்பது எட்டு நூறாயிரம் இலிட்டருக்கும் மேல். 12,000 இலிட்டர் கொள்ளும் தண்ணீர் உந்துகள் ஏறத்தாழ அறுபத்தெட்டு ஒரு நொடியிற் கவிழ்ந்தது போன்ற வெள்ளம் அது! இவ்வாறு கற்ற பிள்ளை, செய்தியில் வரும் எண்ணைக் கேட்டு மருண்டு நிற்காது. மேட்டுக்குப் போவதா வீட்டிலிருப்பதா என்று எண்ணிப்பார்க்கும். கணக்கு மதிப்பெண்ணுக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல் என்பது அங்கே விளங்கும்.

மற்றொன்று காண்போம். ஒரகடத்தில் எத்தொழிலகத்தின் தரமாய்வுக் கூடத்திற்குள் நுழையினும் வெர்னியர் அளவி கண்ணிற்படும். நம் மேல்வகுப்புப் பாடநூலிலும் அது படமாக உண்டு. படத்தைக் கண்டு விடையெழுதித் தேறியவர் பலர். அக்கருவி எப்படி அளக்கின்றது என்று சொல்லவல்லார் சிலர். இதனை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. ஓர் அட்டையில் செண்டிமீட்டர்க் கோடுகளை வரைக. மற்றோர் அட்டையில் 9 செண்டிமீட்டர் நீளத்தைப் பத்து ஒத்த பகுதிகளாகப் பகுக்க. அதன் ஒரு பகுதி 0.9 செண்டிமீட்டர். முதலட்டையின் ஒரு பகுதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.1 செண்டிமீட்டர், அஃதாவது ஒரு மில்லிமீட்டர். செண்டிமீட்டர்க் கோடு மட்டுமே உள்ள அட்டைகளைக் கொண்டு மில்லிமீட்டரை அளந்துவிடுகின்றான் மாணவன்! அவ்வேறுபாட்டிற்கு மீச்சிற்றளவு என்று பெயர் சொன்னால், மிகச்சிறிய அளவு என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருப்பதை அவன் தானே காண்பான்.

இங்குத்தான் நம் கருத்தின் உயிர்நிலை உள்ளது. கை ஒரு பொருளைத் தொட்டறியும். ஆனால் அவ்வறிவை உள்ளத்தில் நிறுத்துவது சொல். அச்சொல் பிள்ளை தாயிடம் கற்ற மொழியின் வேரிலிருந்து கிளைத்ததாயின், தொட்ட பொருளும் கேட்ட சொல்லும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அயற்சொல்லாயின் பொருள் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக நிற்கும்.

பின்னக் கணக்கை எடுத்துக்கொள்க. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. நம் பாட்டியர் அரிசி அளந்த இம்முகவைகளை வகுப்பில் வைத்து மணலை அளக்கச் செய்தால், படியிற் பாதி உரி, காற்பங்கு உழக்கு, அரைக்கால் ஆழாக்கு என்று கை கண்டுகொள்ளும். அரைக்கால் என்ற சொல்லை நோக்குக! காலில் அரை என்பதே அதன் பொருள். அரையையும் காலையும் பெருக்கினால் எட்டிலொன்று வரும் என்னும் கணக்கையே அச்சொல் தன் வயிற்றுள் வைத்திருக்கின்றது. இதனை விட்டு 'ஒன் பை எய்ட்டு' என்று ஓதச் சொல்லும் பள்ளி, கணக்கைக் கற்பிக்கின்றதா, கிளிப்பேச்சைக் கற்பிக்கின்றதா? அவ்வாறே, உருப்பெருக்கும் வில்லையை வெயிலில் பிடித்து ஒளி ஓரிடத்திற் குவிந்து தாள் கருகுவதைக் கண்ட பிள்ளைக்குக் குவியம் என்னும் சொல்லை விளக்கவே வேண்டா. மிதிவண்டியின் முன் பல்லுருளையில் 48 பல்லும் பின்னதில் 16 பல்லும் இருந்தால், ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும் என்பதை எண்ணிக் கண்ட பிள்ளைக்கு விகிதக் கணக்கு வேம்பாகாது.

செய்து கற்றல் நமக்கு மேலைநாட்டார் இட்ட பிச்சை என்று எண்ணுவாரும் உளர். 1893-ஆம் ஆண்டில் சென்னையில் தண்டலம் சுந்தரராவ் என்பார், தாளை மடித்தே வடிவக்கணக்கின் உண்மைகளைக் காட்டும் நூலொன்றை வெளியிட்டார். குழந்தைப்பள்ளியின் தாள்மடிப்பு விளையாட்டே அவருக்குத் தூண்டுகோல். செருமானியக் கணக்கறிஞர் பெலிக்சு கிளைன் அந்நூலை எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1901-இல் அமெரிக்காவில் அது மறுபதிப்பாயிற்று. இந்நூற்றாண்டிலும் உலகம் அதனைப் படிக்கின்றது. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆகலின் அயலகம் சென்ற அவ்வறிவு நம் தெருப்பள்ளிக்கு வந்து சேரவில்லை. பின்னாளில் சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்காசிரியராயிருந்த பி.கே. சீனிவாசன், பழைய செய்தித்தாளும் தீக்குச்சியும் கொண்டே பிள்ளைகளைக் கணக்கின் உண்மைகளைத் தாமே கண்டறியச் செய்தார். இராமானுசன் பெயரால் இராயபுரத்தில் 1993-இல் அமைந்த கணக்கு அருங்காட்சியகத்திற்கும் அவரே உயிராய் விளங்கினார்.

அரசும் ஒன்றும் செய்யாமலில்லை. ஆந்திரத்து இரிசிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது ஆணையராயிருந்த எம்.பி. விசயகுமார் அதற்கு முன்னின்றார். 2007-ஆம் ஆண்டு முதல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு அது விரிந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு கீழே அமர்ந்தார். அட்டைகளும் மணிச்சட்டங்களும் கைக்கு வந்தன. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்காக, செய்முறைக் கருவிகளைப் பள்ளிகளுக்கே எடுத்துச் செல்லும் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. 13,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் அதில் அடங்கும். இவற்றை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும் ஒரு கை கட்டியதை மறுகை அவிழ்த்தது. செயல்வழிக் கற்றல் வேரூன்றுமுன்னரே, 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப்பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. கையிற் கொடுத்த கருவிக்கு வாயிற் கொடுத்த மொழி பகையாயிற்று. ஆசிரியர் செய்முறையைத் தமிழில் விளக்குகின்றார். பிள்ளை விடையை ஆங்கிலத்தில் உருப்போடுகின்றது. இரண்டிற்கும் இடையே விழுந்து மறைவது கருத்து!

மத்தியப்பிரதேசத்து ஓசங்காபாத்தில் 1972-இல் 16 ஊர்ப்பள்ளிகளில் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்தை எண்ணிப்பார்க்க. உழவர் பிள்ளைகள் தாமே செய்து, கண்டு, தம் பள்ளிமொழியான இந்தியிலேயே எழுதினர். முப்பதாண்டு நடந்து ஆயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு அது பரவியது. 2002-இல் அம்மாநில அரசே ஓர் ஆணையால் அதனை நிறுத்திற்று. இந்தித் திணிப்பை எதிர்ப்பார் நாம். எனினும் அங்குள்ள ஏழைப்பிள்ளை தன் பள்ளிமொழியில் அறிவியல் செய்து கற்றதை உளமாரப் பாராட்டுவோம். அதிலிருந்து இரு பாடங்கள் கொள்வோம். எளிய ஊர்ப்பிள்ளையும் அறிவியல் செய்யும் என்பது ஒன்று. மக்கள் காவல் நில்லாத திட்டத்தை ஓர் ஆணைத்தாள் வீழ்த்திவிடும் என்பது மற்றொன்று.

பெற்றோரைப் பழிப்பதாற் பயனில்லை. தொழிலக மேலாளன் ஆங்கிலத்தில் ஏவுவதையும் தாம் தலைகுனிந்து கேட்பதையும் நாள்தோறும் கண்டவர் அவர். தம் பிள்ளை அந்நிலைக்கு வரலாகாது என்னும் அன்பே ஆங்கிலவழிப் பள்ளிக்கு அவரைத் துரத்துகின்றது. அவருக்கு நாம் கூறுவது இதுவே: ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்கட்டும், தடையில்லை. ஆனால் விளங்காத கணக்கை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளை மேலாளனாவதில்லை. கருத்தைத் தமிழில் பற்றிக்கொண்ட பிள்ளை எம்மொழியிலும் அதனைச் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

நம் இயக்கத்தார்க்கும் ஒன்று கூறியாகல் வேண்டும். கலைச்சொற்களை ஆக்கி அகரமுதலியில் அடுக்கி வைத்துவிட்டால் தமிழ் வாழ்ந்துவிடாது. பிள்ளையின் கைபடாத சொல் அடுக்கிய இடத்திலேயே மக்கிப்போகும். சொல்லை வகுப்பறைக்கு எடுத்துச் செல்க. அதற்குரிய பொருளையும் உடன் எடுத்துச் செல்க.

நேரமில்லை, தேர்வு நெருங்குகின்றது என்று ஆசிரியர் கூறுவது பொய்யன்று. அட்டைகளை நகர்த்திக் கணக்குக் காட்டுவதே கற்பித்தலாகிவிட்டது என்று அவருட் சிலர் வருந்தியதும் உண்மையே. ஆகலின் குறை ஆசிரியரிடம் இல்லை. செய்ததை அளவாமல் ஒப்பித்ததை மட்டும் அளக்கும் தேர்விடமே உள்ளது. தேர்வில் ஐந்திலொரு பங்கு மதிப்பெண் செய்து காட்டுதற்கு என்று வைத்துப் பாருங்கள். நேரம் தானே கிடைக்கும்.

பொருள் எங்கிருந்து வரும் என்பார்க்கும் விடை உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, வரையறுத்த அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூவாண்டு நிகர ஊதியச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குமுகாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முதன்மை தரல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. இந்நெடுவழி நிறுவனங்கள் பள்ளிச்சுவருக்கு வண்ணம் பூசித் தம் பெயரை எழுதிவிட்டுப் போவதை நிறுத்தி, ஒவ்வோர் ஊர்ப்பள்ளிக்கும் அளவிகள், தராசுகள், வில்லைகள், கப்பிகள் கொண்ட செய்முறை அறையொன்றை அமைத்துத் தரட்டும். தமிழறிந்த தொழில்வல்லார் திங்களுக்கொரு நாள் வந்து பிள்ளைகளோடு அமரட்டும். இதனை ஊராட்சி மன்றங்கள் தீர்மானமாக நிறைவேற்றிக் கேட்கட்டும். இரந்து கேட்க வேண்டுவதில்லை. நம் நிலமும் நம் நீரும் நம் உழைப்பும் தந்து நிற்கும் உரிமையால் கேட்போம்!

தமிழ்ப்பெற்றோரே! தமிழாசிரியர்களே! இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையை, என்ன படித்தாய் என்று கேளாதீர். என்ன செய்தாய் என்று கேளுங்கள். செய்ததைத் தமிழிற் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்த பிள்ளை கற்றுவிட்டது. சொல்ல வாராத பிள்ளைக்காக நாளையே பள்ளிவாயிலில் நின்று கேளுங்கள். பிறர் எண்ணியதைச் செய்யும் கைகளாக மட்டும் நம் மக்கள் வாழ்ந்தது போதும். எண்ணவும் செய்யவும் சொல்லவும் வல்ல தலைமுறை நம் ஊர்ப்பள்ளியிலிருந்து எழுக!